சளி பிடிக்கும் என்று வாழைப்பழத்தைப் பிடுங்காதீர்கள்

போன வாரம் கீழ்ப்பழனி மலையில் ஒரு அங்கன்வாடி. மூன்றரை வயதுப் பெண் குழந்தை, எடை 11 கிலோ. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிக் கிடக்கிறது. ஆயா அவள் கையில் பாதி மலைவாழைப்பழம் கொடுத்திருந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த அம்மா அதை வெடுக்கென்று பிடுங்கினார். "இந்தக் குளிர்ல பழத்தைக் குடுத்துட்டு, ராத்திரி பூரா இருமுனா நீங்களா வந்து பாப்பீங்க?" என்று ஆயாவுக்கு ஒரு வசவு. பிறகு பையிலிருந்து கிரீம் பிஸ்கட்டையும் பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் கடுங்காப்பியையும் எடுத்து நீட்டினார்.

நடமாடும் மருத்துவக் குழுவோடு இந்த மலையில் மையம் மையமாகப் போகிறேன். இப்படிப் பிடுங்கப்பட்ட பழங்களை எண்ணுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

சளியை உண்டாக்குவது வைரஸ். அது வாழைத்தாரில் காய்ப்பதில்லை. மூக்கு ஒழுகும் பிள்ளை மூக்கைத் துடைத்த கையோடு பொம்மையைத் தொடுகிறான், அடுத்தவள் அதே பொம்மையை வாயில் வைக்கிறாள், முடிந்தது. நல்ல திடமான சின்னக் குழந்தைக்கே ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிக்கும். மையத்துக்கு வரத் தொடங்கிய முதல் வருடம் இன்னும் கூடும். இத்தனை தடவை சளி வரும் வயதில் முந்தின நாள் எதைத் தின்றிருந்தாலும் அதன் தலையில் பழியைப் போடலாம். இட்லி தின்ற மறுநாளும்தான் பிடித்திருக்கிறது. யாராவது இட்லியை நிறுத்தினீர்களா? சளி இருக்கும்போது பழம் தின்றால் தொண்டையில் கொழகொழவென்று இருக்கும், அது பழத்தின் மாவு. நெஞ்சில் போய்க் கபமாகச் சேர அதற்கு வழியே இல்லை. சளி நிற்கவே மாட்டேன் என்கிற வீட்டில் நான் முதலில் கேட்பது, விறகடுப்பு எங்கே இருக்கிறது, அப்பா வீட்டுக்குள் பீடி குடிக்கிறாரா என்பதைத்தான்.

விருப்பாச்சி மலைவாழையும் சிறுமலை வாழையும் புவிசார் குறியீடு வாங்கியவை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிரே விருப்பாச்சிப் பழம்தான். தினமும் அதில் குளிக்கிற முருகனுக்குப் பிடிக்காத சளி, உங்கள் பிள்ளைக்கு அரைப்பழத்தில் பிடித்துவிடுமாம்!

வாழைப்பழம் குளிர்ச்சி. தயிர் குளிர்ச்சி. ஆரஞ்சு புளிப்பு, இருமும். முட்டை சூடு. பப்பாளி அதைவிடச் சூடு. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது பிஸ்கட். அதற்கு மட்டும் ஏன் யாரும் ஒரு குணம் சொல்வதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். வாரம் மூன்று முட்டை அரசே அவித்துக் கொடுக்கிறது. அதையும் "சூடு" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடுங்காப்பி விஷயத்துக்கு வருகிறேன். காப்பித் தோட்டத்து ஊர், பெரியவர்கள் குடிப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் காப்பியும் டீயும் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது, பசியையும் கொன்றுவிடும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. மலையில் வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், சமவெளிக் கணக்கில் 'பரவாயில்லை' என்று வரும் அளவு இங்கே பரவாயில்லை ஆகாது. ஐந்து வயதுக்குள் காப்பி, டீ வேண்டாம். ஒரு மடக்கும் வேண்டாம். சூடாக ஏதாவது வேண்டுமென்றால் சத்துமாவுக் கஞ்சி இருக்கிறது, பருப்புத் தண்ணீர் இருக்கிறது.

சௌசௌவும் பட்டர் பீன்சும் மூட்டை மூட்டையாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்குகின்றன. பட்டர் புரூட் டவுனுக்குப் போகிறது. அதே வண்டி திரும்பும்போது சிப்ஸ் பாக்கெட் சரம் ஏறி வருகிறது. தோட்டம் வைத்திருக்கும் பெற்றோர் வாரத்துக்கு ஒரு கைப்பிடி பீன்ஸ், ஒரு சீப்புப் பழம் மையத்தில் கொடுத்துவிட்டுப் போகலாமே.

டீச்சர்களுக்கு: "அவன் காய் தின்ன மாட்டான் டாக்டர்" என்று இரண்டு தடவை கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லாதீர்கள். புதுக் காய் ஒன்று நாக்குக்குப் பழகப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகும். தட்டில் ஒரே ஒரு துண்டு வையுங்கள். தின்னாவிட்டால் விட்டுவிடுங்கள், மூன்று நாள் கழித்து மறுபடி வையுங்கள். மூக்கைப் பிடித்து ஊட்டாதீர்கள். "பீன்ஸ் தின்னா மிட்டாய்" என்று பேரம் பேசினால் மிட்டாய்தான் உசத்தி என்று அவனுக்குப் புரிந்துவிடும். முக்கியமாக, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள். ஒரு மையத்தில் ஆயா வாழைத்தாரைப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். எது பழுத்தது என்று தடவித் தடவிப் பார்த்து அவர்களே பறிக்கிறார்கள். அங்கே யாருக்கும் ஊட்டிவிட வேண்டியதில்லை.

அடுத்தது, கதவைச் சாத்திவைப்பது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை ஒரு நாளில் மொத்தம் மூன்று மணி நேரமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் ஒரு மணி நேரம் மூச்சிரைக்க ஓட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இங்கே மூடுபனி இறங்கினாலே ஜன்னலைச் சாத்தி, செல்போனில் பாட்டுப் போட்டு உட்கார்த்திவிடுகிறார்கள். சாத்திய அறைக்குள்தான் வைரஸுக்குக் கொண்டாட்டம். தூறல் இல்லையென்றால் வெளியே விடுங்கள். மழை என்றால் உள்ளேயே கொலை கொலையா முந்திரிக்கா, நொண்டி, தவளைத் தாவல். சேட்டை செய்தவனுக்கு விளையாட்டை நிறுத்துவதும் வேண்டாம், தண்டனையாக ஓடவிடுவதும் வேண்டாம்.

இன்னும் சில, சட்டென்று. முழு வேர்க்கடலை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும், பொடித்துக் கொடுங்கள். சாப்பிடும்போது ஓடவிடாதீர்கள். சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஆயாவும்தான். இருமலோடு மூச்சு வேகமாக வாங்கினால், விலா உள்ளிழுத்தால், பத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அந்த அம்மாவிடம் அன்றைக்கு அரை மணி நேரம் பேசினேன். கோபத்தில் பிடுங்கியவர் இல்லை, ராத்திரி இருமலைத் தனியாகப் பார்த்துப் பயந்தவர். பழத்தைத் திருப்பிக் கொடுத்தார். குழந்தை தோலைக்கூட விடாமல் நக்கியது. அடுத்த சுற்றில் மறுபடி எடை பார்ப்பேன். ஸ்வெட்டர், குல்லா, பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் மெஷினில் ஏற்றுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.