ரேமுக்கு எப்போது மூச்சு முட்டுகிறது?

ரிச்சி தெருக் கடையொன்றில் கல்லூரி மாணவர் ஒருவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். "அண்ணே, 8 ஜிபி ரேம்ல ஃப்ரீ வெறும் 300 எம்பிதான் காட்டுது. இன்னொரு 8 ஜிபி போடணும்."

"மெஷின் ஸ்லோவா இருக்கா தம்பி?"

"இல்லண்ணே, நல்லாத்தான் ஓடுது."

கடைக்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி. லினக்ஸ் இயங்குதளம் ரேமைக் காலியாக விடாது. டிஸ்க்கிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளை, மறுபடி தேவைப்படலாம் என்று மிச்ச இடத்தில் வைத்துக்கொள்ளும். வேறு நிரல் இடம் கேட்டால், அவற்றில் மாற்றம் ஏதும் செய்யப்படாத பகுதிகளை உடனே விட்டுக்கொடுக்கும். அதனால் ஃப்ரீ குறைவாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்பது இருப்புக் கணக்கு. லாரிக்காகக் குடத்தோடு எத்தனை மணி நேரம் நின்றோம் என்பதுதான் தட்டுப்பாட்டின் கணக்கு. கணினியிலும் அந்த இரண்டாவது கணக்கையே எடுக்க வேண்டும்.

பெரும்பாலான கணினிகளில் ரேம் 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இடம் போதாதபோது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் சில பக்கங்களை வெளியேற்றும். அவற்றில் ஒன்றை நிரல் மறுபடி கேட்டால், டிஸ்க்கிலிருந்து கொண்டுவர வேண்டும். ரேமிலிருந்து எடுக்கச் சுமார் 100 நானோ நொடி. எஸ்எஸ்டி எனும் வேகமான டிஸ்க்கிலிருந்து என்றால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இது முற்றினால் பக்கங்களை ஏற்றி இறக்குவதைத் தவிர வேறு வேலையே நடக்காது. மவுஸ் உறைந்து நிற்கும். சிபியு-வோ பாதி நேரம் சும்மா இருக்கும். கணினி அறிவியலாளர் பீட்டர் டென்னிங் இந்த 'திராஷிங்' நிலையை 1968-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கோப்பை முதன்முறை திறந்தாலும் டிஸ்க்குக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். அது ரேம் தட்டுப்பாடு அல்ல. இரண்டையும் பிரித்தறியக் கெர்னல் செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்கத்தை வெளியேற்றும்போது, அது இருந்த இடத்தில் டோக்கன் போல ஓர் எண்ணை விட்டுவைக்கிறது: இதுவரை வெளியேறிய பக்கங்களின் எண்ணிக்கை. அதே பக்கம் திரும்பி வந்தால், இப்போதைய எண்ணிலிருந்து டோக்கன் எண்ணைக் கழிக்கிறது. விடை சிறியதாக இருந்தால், ரேம் இன்னும் அவ்வளவு பக்கங்கள் கூடுதலாக இருந்திருந்தால் இது வெளியே போயே இருக்காது என்று பொருள். அந்தக் காத்திருப்பு தட்டுப்பாட்டுக் கணக்கில் சேரும். புதிய இடம் கேட்ட நிரல், தானே பழைய பக்கங்களை ஒழித்துக்கொண்டு நிற்கும் நேரமும் சேரும்.

இப்படிச் சேரும் நேரத்தை 2018 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.20 முதல் நேரடியாகப் படிக்கலாம். ஃபேஸ்புக்கில் இருந்த யோஹானஸ் வைனர் உருவாக்கிய இந்த வசதியின் பெயர் 'பிரஷர் ஸ்டால் இன்ஃபர்மேஷன்'. இது தருவது இரண்டே வரிகள். 'சம்' (some) வரி, ஒரு நிரலாவது ரேமுக்காக நின்ற நேரம். 'ஃபுல்' (full) வரி, வேலை வைத்திருந்த எல்லா நிரல்களும் ஒரே சமயத்தில் நின்ற நேரம். ஒவ்வொன்றுக்கும் 10, 60, 300 நொடிகளுக்கான சராசரி சதவீதம் உண்டு. 10 நொடிச் சராசரியில் 'ஃபுல்' 15 என்றால், கடைசிப் பத்து நொடியில் சுமார் ஒன்றரை நொடி எந்த வேலையும் நகரவில்லை. ஆண்ட்ராய்டு 10 முதல் போன்களும் இந்த அளவைப் பார்த்து, பின்னணியில் கிடக்கும் செயலிகளை நிறுத்துகின்றன.

இரண்டு வரியின் கடைசியிலும், கணினியை இயக்கியது முதல் சேர்ந்த மொத்தக் காத்திருப்பு மைக்ரோ நொடிகளில் இருக்கும். மாணவரின் லேப்டாப்பில் லினக்ஸ்தான் இருந்ததால், கடை வாசலிலேயே அதைப் பார்த்தோம். காலையிலிருந்து ஓடிய கணினியில் அந்த மொத்தம் ஒரு நொடியைக்கூடத் தொடவில்லை. அவர் ரேம் வாங்காமலே அண்ணா சாலைப் பக்கம் நடந்தார்.