புதைபடிவம்

புதைபடிவத்துக்கு ஆங்கிலத்தில் 'ஃபாசில்'. அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ஃபோடெரே' என்றால் தோண்டு. 'ஃபாசிலிஸ்' என்றால் தோண்டி எடுத்தது. முதலில் மண்ணுக்குள்ளிருந்து வந்த எதற்கும் இதுதான் பெயர். 1546இல் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா கனிமங்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே இச்சொல் உண்டு. மண்ணில் எஞ்சிய பழைய உயிர்களின் தடயங்களுக்கு மட்டும் என்று பொருள் சுருங்கியது பிற்பாடுதான்.

வேடிக்கை என்னவென்றால், பாலைநிலத்தில் டைனோசர் எலும்பு தேடுபவர்கள் எடுத்தவுடன் தோண்டுவதில்லை. நடக்கிறார்கள். புல்பூண்டு இல்லாத களிப்பாறைச் சரிவை மழையும் காற்றும் அரிக்க, எலும்புத் துண்டுகள் தாமாக வெளியே வந்து கிடக்கும். கல்லா, எலும்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. நுண்துளைகள் இருப்பதால் எலும்பு ஒட்டிக்கொள்ளும். துண்டு மேலிருந்துதான் உருண்டு வந்திருக்கும் என்பதால் சரிவில் ஏறி, அது கழன்ற அடுக்கைத் தேடுவார்கள். உளிக்கு வேலை அப்புறம்தான்.

அமெரிக்காவில் தெற்கு யூட்டாவின் 'ட்ராபிக் ஷேல்' களிப்பாறை, 9 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடிச் சேறாக இருந்தது. அங்கே 2000இல் மெர்ல் கிராஃபம் என்பவர் ஒரு கால்விரல் எலும்பைக் கண்டார். கடல் ஊர்வன கிடைக்கிற இடம் அது; விரலோ தரையில் நடந்த டைனோசருடையது! சடலம் கடலில் மிதந்துபோய்ச் சேற்றில் அமிழ்ந்திருக்க வேண்டும். 2009இல் அதற்கு 'நோத்ரோனிகஸ் கிராஃபமி' என்று பெயரிட்டார்கள்.

தமிழில் 'ஃபாசிலை' என்னவென்பது? 'தொல்லுயிர் எச்சம்' என்றால் எனக்குக் காக்கைதான் நினைவுக்கு வருகிறது. (சாணமும் கல்லாவதுண்டு, அதனால் முழுத் தவறில்லை.) இலங்கைப் பாடநூல்களின் 'உயிர்ச்சுவடு' அழகான சொல். ஆனால் கல்லில் பதிந்த காலடிக்கும் சுவடு என்றுதானே சொல்ல வேண்டும்?

என் வாக்கு 'புதைபடிவ'த்துக்கே. படிவம் என்றால் வடிவம். முல்லையும் குறிஞ்சியும் திரிந்து 'பாலை என்பதோர் படிவம் கொள்ளும்' என்கிறது சிலப்பதிகாரம். எலும்பின் துளைகளில் கனிமம் புகுந்து கல்லாகிவிட்ட பின்னும் எஞ்சுவது அந்த வடிவம்தான். சேறு 'படிந்த' ஓசையும் சொல்லுக்குள் கேட்கிறது.

'புதைபடிவ எரிபொருள்' என்னும்போது மட்டும் இடறுகிறது. நிலக்கரியிலாவது இலையின் அச்சைப் பார்க்கலாம். பெட்ரோலுக்கு ஏது படிவம்? அங்கே லத்தீன்காரரின் 'தோண்டியது'தான் பொருத்தம்.