சுவரில் மாட்டும் பெட்டி சார்ஜர் அல்ல

என் மச்சான் திருச்சியில் மின்சார கார் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, கார் ஷெட்டில் இருந்த பவர் பிளக் பாயிண்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முன்பக்கம் புதுசு போலத்தான் இருந்தது. திருப்பினால், பேஸ் ஒயர் இறங்கும் திருகைச் சுற்றிப் பிளாஸ்டிக் தேன் நிறத்துக்கு மாறிப் பொங்கியிருந்தது. ஒயரின் மேலுறை அரை அங்குலத்துக்குக் கருகிச் சுருங்கியிருந்தது.

"பத்து வருஷமா இதுலதான் மாப்ளே வாஷிங் மெஷின் ஓடுச்சு. ஒண்ணும் ஆகலை" என்றார்.

ஆகியிருக்காதுதான். வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும் கொஞ்ச நேரம் மட்டும் அதிகம் இழுக்கும். கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். ஏசி விட்டுவிட்டு ஓடும். கார் அப்படியில்லை. இரவு பத்து மணிக்குச் செருகினால் விடியும் வரை 15 ஆம்பியரை ஒரே சீராக இழுத்துக்கொண்டிருக்கும். அந்தத் திருகு லேசாகத் தளர்ந்து 0.1 ஓம் தடை சேர்ந்தால் போதும். மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் அங்கே உண்டாகும் வெப்பம் கிடைக்கும். 15 பெருக்கல் 15 என்றால் 225, அதில் பத்தில் ஒன்று 22.5 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் ஈயம் வைக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைச் சூடாக்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, இரவு முழுக்க மூடி வைத்ததைப் போன்ற கதை இது.

"சரி, பிளக்கே வேண்டாம். சுவர்ல 7.2 கிலோவாட் சார்ஜர் பெட்டி மாட்டிடலாமா? வீட்டுக்கு மூணு பேஸ் இருக்கே, 11 கிலோவாட்டே மாட்டிடலாமா?" என்று அடுத்துக் கேட்டார். கார் வாங்கும் எல்லோரும் கேட்கும் கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரியவேண்டும்.

பேட்டரிக்குள் போகவேண்டியது ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம். வீட்டுக்கு வருவது திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவிதான் சார்ஜர். அது காருக்குள் இருக்கிறது. நெடுஞ்சாலையில் பார்க்கும் பீரோ அளவு வேகச் சார்ஜர்களில் மட்டும்தான் அந்த மாற்றும் வேலை வெளியிலேயே நடந்து, நேராக டிசியாகக் காருக்குள் போகிறது. வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டிக்குச் சார்ஜர் என்று பெயர் வந்துவிட்டதே தவிர, அது ஒரு சுவிட்ச். கொஞ்சம் பேசத் தெரிந்த சுவிட்ச், அவ்வளவுதான். காரோடு கொடுக்கிறார்களே, கேபிளின் நடுவில் ஒரு டப்பா தொங்கும் கையடக்கச் சார்ஜர், அதுவும் இதேதான்.

அது பேசும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கேபிள் முனையில் காரில் செருகும் தலைக்கு டைப் 2 கன் என்று பெயர். அதன் முகத்தைப் பார்த்தால் ஏழு ஊசிகள் தெரியும். மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த், மேலே சின்னதாக இரண்டு. அந்தச் சின்ன இரண்டில் ஒன்றுதான் பேச்சுக் கம்பி. கன் சும்மா தொங்கும்போது அதில் 12 வோல்ட் மட்டும் இருக்கும். பெரிய ஊசிகளில் மின்சாரமே கிடையாது. கன்னைக் காரில் செருகியதும், காருக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் அந்த 12-ஐ 9 வோல்ட்டாக இறக்கும். கார் வந்துவிட்டது என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும். உடனே பெட்டி அந்தக் கம்பியில் நொடிக்கு ஆயிரம் துடிப்புகளை அனுப்பத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதில்தான் சேதி இருக்கிறது. சுமார் 27 சதவீத நேரம் நின்றால் "16 ஆம்பியருக்கு மேல் எடுக்காதே" என்று பொருள். 53 சதவீதம் என்றால் 32 ஆம்பியர் வரை எடுக்கலாம். கார் தயாரானதும் இன்னொரு ரெசிஸ்டரைச் சேர்த்து வோல்ட்டை 6-க்கு இறக்கும். அப்போதுதான் பெட்டிக்குள் 'டக்' என்று ரிலே விழுந்து பெரிய ஊசிகளுக்கு மின்சாரம் வரும். மழையில் கன்னைக் கையில் பிடித்தாலும் ஷாக் அடிக்காததற்குக் காரணம் இந்த ஒழுங்குதான்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பெட்டி உச்சவரம்பைத்தான் சொல்கிறது, மின்சாரத்தைத் திணிப்பதில்லை. எவ்வளவு எடுப்பது என்பது காரின் முடிவு. காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட் என்றால், 7.2 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் 3.3தான் ஏறும். 11 கிலோவாட் விஷயம் இதைவிட வேடிக்கை. அந்த 11 என்பது மூன்று பேஸிலும் தலா 16 ஆம்பியர். நம் ஊரில் ஓடும் பல கார்களுக்குள் இருப்பது ஒற்றை பேஸ் சார்ஜர். அது ஒரு பேஸை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் 3.7 கிலோவாட். அதிகக் காசு கொடுத்து 11 வாங்கியவருக்கு, 7.2 வாங்கியவருக்குக் கிடைப்பதில் பாதிதான் கிடைக்கும். மச்சானின் கார் 7.2 கிலோவாட் ஒற்றை பேஸ். பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்து, 7.2 தேவையா? பேட்டரி 45 யூனிட், 3.3 கிலோவாட்டில் பூஜ்யத்திலிருந்து நிரப்பினால் பதினைந்து மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பயப்படுகிறார்கள். தினமும் யார் பூஜ்யத்திலிருந்து நிரப்புகிறார்கள்? மச்சான் ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிப் பக்கம் வேலைக்குப் போய்வருகிறார், நாளுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள். யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்தாலும் ஏழு யூனிட். மாற்றும்போது வீணாவதையும் சேர்த்து எட்டு. 3.3 கிலோவாட்டில் இரண்டரை மணி நேரம். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை செருகியே வைத்தால் சுமார் 30 யூனிட் ஏறும், அதாவது மறுநாள் மதுரை வரைகூடப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற அளவுக்கு. வீட்டில் இரண்டு கார் இருந்தாலோ, டாக்ஸி ஓட்டினாலோ, ராத்திரி வெகுநேரம் கழித்து வந்து விடியலில் கிளம்பும் வேலை என்றாலோதான் 7.2 உண்மையில் அவசியம். மற்றவர்களுக்கு அது வசதி. தப்பில்லை. ஆனால் கையில் இருக்கும் காசு முதலில் பெட்டிக்குப் பின்னால் இருப்பவற்றுக்குப் போகட்டும்.

பின்னால் இருப்பதில் முதலாவது ஒயர். மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்கு 25 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்புவதால் 50 மீட்டர் செம்பு. பழைய ஒயர் 2.5 ஸ்கொயர் எம்எம், அதன் மொத்தத் தடை சுமார் 0.4 ஓம். 15 ஆம்பியரில் வழியிலேயே 6 வோல்ட் குறையும், 90 வாட் சுவருக்குள் சூடாகும். அதே ஒயரில் 7.2 பெட்டிக்கான 32 ஆம்பியரை விட்டால் வெப்பம் 400 வாட்டைத் தாண்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதுதான் இங்கே ஆபத்து. பைப்புக்குள் போகும் 2.5 ஒயருக்கு 32 ஆம்பியர் தாங்கவே தாங்காது. 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் 32 ஆம்பியரில் வெப்பம் சுமார் 170 வாட். 10 போட்டால் நூறு வாட்டுக்குள், அதுவும் 25 மீட்டர் முழுக்கப் பரவி. தூரம் அதிகம் என்றால் 10தான் என் கட்சி. பெட்டியை நாளைக்கு மாற்றலாம். சுவரை இன்னொரு முறை உடைக்க யாருக்கும் மனசு வராது.

மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சான எம்சிபியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 32 ஆம்பியர் பெட்டிக்கு 32 எம்சிபி போட்டால் மே மாதம் நள்ளிரவில் விழுந்து, காலையில் கார் பாதிதான் ஏறியிருக்கும். உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூட்டில் வளைந்து சுவிட்சைத் தட்டிவிடுகிறது. அதன் கணக்கு 30 டிகிரிக்குப் போட்டது. திருச்சியில் வெயில் படும் இரும்புப் போர்டுக்குள் 30 டிகிரிக்கு எங்கே போவது? அதனால் 40 எம்சிபி போடுவார்கள், ஒயரும் அதைத் தாங்கும் கனத்தில் இருக்கவேண்டும்.

இரண்டாவது எர்த். நம் ஊரில் வீட்டுச் சார்ஜிங் மல்லுக்கட்டும் இடம் இதுதான். புதுக் காரின் கையடக்கச் சார்ஜரைப் பிளக்கில் செருகினால் பச்சைக்குப் பதில் சிவப்பு எரியும். சார்ஜர் கோளாறு என்று ஷோரூமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு சார்ஜரில் இல்லை. அது முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கிறது, இல்லாவிட்டால் வேலை செய்ய மறுக்கிறது. மச்சான் வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் பிளக்கைக் கழற்றியதும், "அண்ணே, பச்சை ஒயர் வந்திருக்கு. ஆனா அது எங்கேயும் போகலை" என்றார். போர்டுக்குப் பின்னால் வெட்டி மடித்து டேப் சுற்றி வைத்திருந்தார்கள். பத்து வருடம் வாஷிங் மெஷின் எர்த் இல்லாமலே ஓடியிருக்கிறது. நான்கு மாதம் கார் எப்படி ஏறியது? பிளக்குக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் ஊசிக்கு ஒரு துண்டு ஒயரை யாரோ முடிச்சுப் போட்டிருந்தார்கள். சிவப்பு விளக்கை அணைக்கக் கண்டுபிடித்த குறுக்கு வழி.

இதைவிட மோசமான வேலை இல்லை. நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை எதுவும் தெரியாது. ஒரு நாள் காற்றில் கம்பத்தில் நியூட்ரல் கம்பி கழன்றுவிட்டால், வீட்டில் ஓடும் ஃபேன், ஃப்ரிட்ஜ் வழியாக வந்த மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. வீட்டு நியூட்ரலே பேஸ் போல ஏறிவிடும். அந்தத் துண்டு ஒயர் அதை எர்த் ஊசிக்கும், அங்கிருந்து காரின் உடம்புக்கும் கொண்டுபோய்விடும். கார் நிற்பது ரப்பர் டயரில், அதனால் அது சும்மா நிற்கும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று கதவைத் திறப்பவர்தான் மண்ணுக்குப் போகும் வழியாவார்.

எர்த் குழி நன்றாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. குழியின் தடை 5 ஓம் என்று வையுங்கள், வீட்டுக்கு அது மோசமில்லை. பேஸ் ஒயர் காரின் உடம்பில் பட்டால் 230-ஐ 5-ஆல் வகுத்து 46 ஆம்பியர் ஓடும். 40 ஆம்பியர் எம்சிபி அதைப் பார்த்து உடனே விழாது. சி வகை எம்சிபி சட்டென்று விழ ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 200 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்த இடைவெளியைக் காப்பாற்றத்தான் ஆர்சிசிபி. பேஸும் நியூட்ரலும் ஒரு காந்த வளையத்தின் வழியாகச் சேர்ந்தே போகும். போனது முழுக்கத் திரும்பி வந்தால் இரண்டின் காந்தமும் ஒன்றையொன்று அழித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால்கூட வளையம் விழித்துக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கும்.

காரால் இந்த வளையத்துக்கு ஒரு சோதனை உண்டு. காருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் பகுதியில் பழுது வந்தால், கசிவதும் டிசியாக இருக்கலாம். டிசியின் காந்தப் புலம் மாறாது, வளையத்தை ஒரே பக்கமாகக் காந்தமேற்றி மரத்துப்போகச் செய்துவிடும். அதன் பிறகு நிஜமான கசிவு வந்தாலும் அதற்கு உறைக்காது. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏசி வகை ஆர்சிசிபி காருக்கு ஆகாது என்பது இதனால்தான். ஏ வகை வாங்கவேண்டும். அதோடு 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் அமைப்பு பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்கவேண்டும். இல்லை என்றால் பி வகை, அது விலை கூடியது. பெட்டியின் ஆப், வைஃபை பற்றியெல்லாம் விற்பவர் கால் மணி நேரம் பேசுவார். நான் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

ஈபி பக்கம். இருக்கும் இணைப்பிலேயே வீட்டில் கார் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஒற்றை பேஸ் இணைப்பு 4 கிலோவாட் வரைதான். ஒற்றை பேஸ் வீட்டில் 7.2 மாட்ட ஆசைப்பட்டால் முதலில் மூன்று பேஸுக்கு எழுதிக்கொடுக்கவேண்டும். மூன்று பேஸ் வீட்டில் வேறொரு பழக்கம்: ஒரு பேஸ் போனால் போர்டில் இருக்கும் சேஞ்ச் ஓவரைத் திருப்பி எல்லாவற்றையும் அடுத்த பேஸுக்குத் தள்ளிவிடுவோம். அதே பேஸில் காரும் 32 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் ஃபியூஸ் கேரியர் என்ன செய்யும்? காருக்கு ஒரு பேஸைத் தனியாக ஒதுக்கி, சேஞ்ச் ஓவருக்கு வெளியே வைப்பது நல்லது. பில்லும் ஏறும். நாளுக்கு எட்டு யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480. காருக்கு முன்பு 500-க்குள் இருந்த வீடுகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் கீழ்ப்படிகளின் சலுகையும் குறையும்.

மச்சான் கடைசியில் 7.2 பெட்டிதான் வாங்கினார். ஆனால் 10 ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுத்து, பெட்டியை 16 ஆம்பியருக்குக் குறைத்து வைத்திருக்கிறார். துடிப்பின் அகலம் குறையும், கார் அதற்குக் கீழ்ப்படியும். காருக்கென்று தனி எர்த் குழி தோண்டினார்கள். மண் காய்ந்தால் தடை ஏறிவிடும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, காலையில் துளசிக்கு ஊற்றிவிட்டு மிச்சம் இருக்கும் அரைக் குடம் தண்ணீரை அத்தை அந்தக் குழியில்தான் கவிழ்க்கிறார்.