துப்பாக்கி பொம்மைதான், தெருவில் போகிறவருக்கு அது தெரியாது

"படப்பிடிப்பின்போது சிறு தடங்கல் ஏற்பட்டது. பின்னர் சமாளித்துக்கொண்டோம்."

ஒரு மாணவர் குழு எழுதிக் கொடுத்த அனுபவக் கட்டுரையில் இருந்த வரி இது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு குற்றப் படத்தின் தொடக்கக் காட்சியை எடுத்திருந்தார்கள். படம் இரண்டு நிமிடம், கட்டுரை எட்டுப் பக்கம். தலைப்புக்கு எந்த எழுத்துரு, ஏன் அந்தச் சிவப்பு என்பதற்கே ஒரு முழுப் பக்கம் இருந்தது. தடங்கலுக்கு இந்த இரண்டு வாக்கியம்தான்.

என்ன தடங்கல் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மெதுவாக வந்தது. மாலை இருட்டும் நேரம், வாகனம் நிறுத்துமிடம். ஒரு பையன் மண்டியிட்டிருக்கிறான். இன்னொருவன் கறுப்பு பொம்மைத் துப்பாக்கியை அவன் தலைக்கு நேராக நீட்டுகிறான். எதிர்க் கட்டடத்திலிருந்து யாரோ பார்த்துவிட்டு போலீசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். போலீஸ் வந்தபோது பொம்மை அவன் கையில்தான் இருந்தது. சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறான், துப்பாக்கியோடு. நல்லவேளை, அடுத்த நொடியே கீழே போட்டுவிட்டான். அதன்பின் வெகுநேரம் தரையில் குப்புறக் கிடந்திருக்கிறான்.

நான் படப்பிடிப்புத் தளங்களில் முதல் உதவி இயக்குநராகப் பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது மாணவர் படங்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். இந்த வருடம் இப்படி எனக்கு வந்த மூன்றாவது குழு இது. முதல் இரண்டிலும் யாரும் போலீசைக் கூப்பிடவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"சார், கேமரா இருக்கே, பார்த்தாலே படம் எடுக்கிறோம்னு தெரியாதா?" எல்லாக் குழுவும் இதையே கேட்கிறது. தெரியாது. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நம்பிக்கைதான் எல்லாக் கோளாறுக்கும் வேர்.

பெரிய படப்பிடிப்பைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். லாரி நிற்கும், விளக்குக் கம்பங்கள் நிற்கும், ஐம்பது பேர் நடமாடுவார்கள். உங்களிடம் இருப்பது உள்ளங்கை அளவு கேமரா, சில சமயம் செல்போன். பின்னணி மங்கலாக வர வேண்டும் என்று 85 மி.மீ. லென்ஸ் மாட்டி, கேமராவை நடிகர்களிடமிருந்து தள்ளிக் கொண்டுபோய் ஒரு காருக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். ஃபிரேமுக்குள் வரக் கூடாது என்று மற்றவர்களும் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள். மைக் சட்டைக்குள் இருக்கிறது. இப்போது எதிர் மாடி ஜன்னலில் நின்று பாருங்கள். காலியான இடம், இரண்டு பேர், ஒரு துப்பாக்கி. படம் எடுப்பதற்கான அடையாளம் ஒன்றுகூட அங்கே இல்லை. நீங்கள் எவ்வளவு நன்றாகப் படம் எடுக்கிறீர்களோ அவ்வளவுக்கு அது நிஜக் குற்றம்போலத் தெரியும். போன் செய்தவர்மேல் கோபப்பட்ட மாணவர்களை எனக்குத் தெரியும். அவர் செய்தது சரி. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

"பொம்மைன்னு கிட்ட வந்து பார்த்தா தெரிஞ்சிடும்." கிட்ட வரும்வரை யார் காத்திருப்பார்கள்? 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரு பூங்காவில் 12 வயது தாமிர் ரைஸ் பொம்மைத் துப்பாக்கி வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அது பொம்மை என்பதைக் காட்டும் ஆரஞ்சு முனை அதில் இல்லை. போன் செய்தவர் "அநேகமாகப் போலியாக இருக்கலாம்" என்றும் சொல்லியிருந்தார். அந்தத் தகவல் அங்கே போன போலீஸ்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற இரண்டு வினாடிக்குள் சுட்டுவிட்டார்கள். மறுநாள் அவன் இறந்துபோனான். இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை. ஆனால் ஆரஞ்சு முனைக்குக் கறுப்பு மை தடவி, "இப்போ நிஜம் மாதிரி இருக்கு" என்று என்னிடம் காட்ட வருகிறவர்களுக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் தகுந்த காரணமில்லாமல் போலித் துப்பாக்கியைப் பொது இடத்தில் வைத்திருப்பதே குற்றம். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வெடிச் சத்தம் நிஜமாக இருக்கட்டும் என்று வெற்றுத் தோட்டாவைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. வேண்டாம். வெற்றுத் தோட்டாவில் குண்டுதான் இல்லை, வெடிமருந்து இருக்கிறது. 1984இல் நடிகர் ஜான்-எரிக் ஹெக்சம், வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தன் தலையிலேயே வைத்துச் சுட்டு உயிரிழந்தார். 1993இல் நடிகர் பிராண்டன் லீ இறந்தது, குழாயில் முன்பே சிக்கியிருந்த குண்டு முனையை வெற்றுத் தோட்டாவின் வெடிப்பு வெளியே தள்ளியதால். 2021 அக்டோபரில் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் இறந்தார்; ஆபத்தில்லாதது என்று நம்பிய துப்பாக்கியில் நிஜத் தோட்டா இருந்தது. இந்த மூன்றும் தொழில்முறைப் படப்பிடிப்பில் நடந்தவை. சத்தத்தை எடிட்டிங்கில் சேருங்கள். எங்கள் தொழிலிலும் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது.

இன்னொரு கேள்வி எனக்கு உண்டு. குற்றப் படத்தின் தொடக்கத்தில் துப்பாக்கி எதற்கு? 1931இல் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்படுகிறாள். கொலையை அவர் காட்டவே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் தாயின் குரல், சாப்பாட்டு மேசையில் ஆளில்லாத இடம், புதரிலிருந்து உருண்டு வரும் பந்து, கம்பிகளில் மாட்டிக்கொண்ட பலூன். அவ்வளவுதான். இதை எடுக்க ஆயுதம் எதுவும் வேண்டியதில்லை. இரண்டு நிமிடத்தில் குற்றத்தைக் காட்டி முடித்துவிட்டால் பார்ப்பவர் ஏன் மேற்கொண்டு உட்கார வேண்டும்? தொடக்கக் காட்சியின் வேலை கேள்வி எழுப்புவது.

இருட்டு விஷயமும் இப்படித்தான். குற்றம் என்றால் இருட்டு வேண்டும் என்று மாலை வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அது கைக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். அந்த அவசரத்தில்தான் பக்கத்துக் கட்டடத்தில் சொல்லிவிட்டு வருவது, ஆள் நிறுத்துவது எல்லாம் விட்டுப்போகிறது. பகலிலேயே எடுங்கள். வானத்தை ஃபிரேமுக்கு வெளியே வையுங்கள், சூரியனை நடிகருக்குப் பின்னால் வையுங்கள், கேமராவுக்குள் போகும் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்காகக் குறையுங்கள், கேமராவின் நிறச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 3200 கெல்வினுக்கு மாற்றுங்கள். இரவுபோல நீலமாக வரும்.

ஆயுதம் கட்டாயம் வேண்டும் என்றால், வீட்டுக்குள் மூடிய அறையில், கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும்படி அண்மைக் காட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுக்கும் தூரக் காட்சியில் கை கோட்டுப் பைக்குள் இருக்கட்டும். எடிட்டிங்கில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுத்தே ஆக வேண்டுமா? இடத்துக்கு உரியவரிடம் அனுமதி, காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல், படப்பிடிப்பு இடத்தின் இரண்டு முனையிலும் பளிச்சென்ற மேலங்கியோடு ஒவ்வொருவர், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அறிவிப்புப் பலகை. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அன்றைக்குப் படப்பிடிப்பு கிடையாது. பொம்மை பெட்டிக்குள் பயணம் செய்ய வேண்டும், டேக் முடிந்ததும் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் போகக் கூடாது.

கடத்தல் காட்சி எடுப்பவர்களுக்கு: முகத்தில் பிளாஸ்டிக் பை கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஓடும் காரின் டிக்கியில் ஆளை ஏற்றக் கூடாது. கையைக் கட்டினால் நடிகரே உருவிக்கொள்ளும்படி கட்டுங்கள். வாயை மூடியிருக்கும் நடிகர் திமிறினால் அது நடிப்பா நிஜமா என்று கேமராவுக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. கையில் ஒரு சாவிக்கொத்து கொடுத்து வையுங்கள். அது கீழே விழுந்தால் உடனே கட். இதை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றோம்.

ஆனால் எனக்கு மிகவும் உறுத்தியது வேறொன்று. அந்த ஐந்து பேரில் ஒரு பெண், "பக்கத்துக் கட்டடத்தில் சொல்லிவிடலாமே" என்று முதல் நாளே கேட்டிருக்கிறாள். நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள், அவளும் வற்புறுத்தவில்லை. நான் பார்த்த எல்லாக் குழுவிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். இயக்குபவருக்கு ஷாட் வேண்டும், ஒளிப்பதிவாளருக்கும் ஷாட் வேண்டும். அதனால்தான் தளத்தில் பாதுகாப்பை உதவி இயக்குநரிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அவர் நிறுத்து என்றால் இயக்குநரும் நிற்க வேண்டும். உங்கள் குழுவிலும் ஒருவருக்கு அந்த அதிகாரத்தை முதல் நாளே எல்லார் முன்னாலும் கொடுங்கள். அந்தப் பெண்ணைப் போன்றவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இரண்டாவது முறையும் சொல்லுங்கள்.

கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தேன். அனுபவக் கட்டுரை என்பது "குழுவாகச் சிறப்பாகச் செயல்பட்டோம்" என்று எழுதும் இடம் இல்லை; எந்த நேரத்தில், யார், என்ன முடிவெடுத்தார்கள், அப்போது என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாது என்று எழுதும் இடம் என்றேன். இரண்டு வாரம் கழித்து வந்த புதிய கட்டுரை, அந்தப் பெண் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கியது. காட்சியையும் பகலில் மறுபடி எடுத்திருந்தார்கள்: ஒரு காரின் திறந்த கதவு, எரிந்துகொண்டே இருக்கும் உள்விளக்கு, இருக்கையில் விடாமல் அடிக்கும் போன். துப்பாக்கி நீட்டிய பையன் இந்த முறை நடிக்கவில்லை. மைக் பிடித்திருந்தான்.