பல்லிக்கும் லென்ஸுக்கும் நடுவே

மொரீஷியஸில் எங்கள் வேலியோரத் தாழையில் ஒரு நீலவால் பல்லி குடியிருக்கிறது. பகலில் நடமாடும் இனம், இத்தீவுக்கே உரியது. பச்சை உடலில் செம்புள்ளிகள். கௌளி சாஸ்திரம் எழுதியவர்கள் இதைப் பார்த்திருந்தால் நிறத்துக்கும் ஒரு பலன் சேர்த்திருப்பார்கள்.

அதன் தலையைப் படம் பிடிக்க மிக அருகில் வைத்துப் படமெடுக்க உதவும் 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கினேன். மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 18.5 செ.மீ. என்று விவரத்தாள் சொன்னது. ஏறக்குறைய ஒரு சாண், போதும் என்று நினைத்தேன். மறுநாள் லென்ஸின் முனை தாழை மடலில் இடித்தது. பல்லி மறுபக்கம் போய்விட்டது.

அந்த 18.5 லென்ஸின் முனையிலிருந்து அளந்ததல்ல, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலிருந்து அளந்தது. பல கேமராக்களின் மேற்புறத்தில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் இருக்கும். சென்சார் இருக்கும் இடத்தைக் காட்டும் குறி அதுதான். அங்கிருந்து லென்ஸ் பூட்டும் வளையம் வரை சுமார் 4.5 செ.மீ., லென்ஸின் நீளம் 9 செ.மீ. கழித்தால் பல்லிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மிஞ்சுவது 5 செ.மீ. இதைத்தான் ‘வொர்க்கிங் டிஸ்டன்ஸ்’ என்கிறார்கள். முனையில் வெளிச்சத்தை மறைக்கும் லென்ஸ் ஹூட் மாட்டினால் அதிலும் பாதி போய்விடும். போதாததற்கு லென்ஸின் நிழலும் பல்லியின் மேல் விழும்.

பொருளின் உருவம் அதே அளவில் சென்சாரில் விழ வேண்டுமானால், எளிய லென்ஸ் ஒன்றுக்கு முன்னால் குவியத்தூரத்தைப் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) போல் இரு மடங்கும் பின்னால் இரு மடங்கும் இடம் வேண்டும். 100 மி.மீ. லென்ஸுக்கு மொத்தம் 40 செ.மீ. ஆனால் கேனன் 100 மி.மீ. எல் மேக்ரோவின் ஃபோகஸ் தூரம் 30 செ.மீ.தான். மீதி 10 செ.மீ. எங்கே போயிற்று? கிட்டே ஃபோகஸ் செய்யும்போது உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதிகள் நகர்ந்து, குவியத்தூரமே சுமார் 75 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. லென்ஸின் மேல் அச்சிட்ட 100 தொலைவில் இருப்பவற்றுக்கு மட்டுமே மெய். பழைய லென்ஸ்களில் இந்த வித்தை கிடையாது. குழல் முழுதும் முன்னே நீளும்.

அந்தக் கேனன் 100-இல் மிஞ்சும் இடைவெளி 13 செ.மீ. அதே நிறுவனத்தின் 180 மி.மீ. மேக்ரோவில் 25 செ.மீ. பல்லிக்கு அதுதான் ஏற்றது. விலையையும் எடையையும் பற்றி நான் பேசப்போவதில்லை.

குவியத்தூரம் கூடினால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும் என்று பயமுறுத்துவார்கள். உருப்பெருக்கமும், லென்ஸின் துளை அளவைச் சொல்லும் எஃப் எண்ணும் மாறாதவரை ஆழம் ஏறத்தாழ மாறுவதில்லை. பொருளின் அளவிலேயே உருவம் விழும்போது, எஃப் 8-இல், எந்த லென்ஸானாலும் சுமார் 1 மி.மீ.தான்.

தெரிந்த அண்ணன் ஒருவரிடம் 180-ஐ இரவல் வாங்கி, முக்காலியில் பொருத்தித் தாழை எதிரே உட்கார்ந்தேன். பல்லி அசையவில்லை. அதற்கு இமை கிடையாது, நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். நான் பொத்தானை அழுத்திய நொடியில் துடைத்தது. படத்தில் நாக்கின் நுனி அத்தனை தெளிவு. கண் மங்கல்.