உறை மட்டும் போதாது, முட்டியும் வேண்டும்

போன கிழமை மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து வந்த ஒரு தகப்பன், வாட்ஸ்அப்பில் தனக்கு வந்த விளம்பரத்தைக் காட்டினார். தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த அவருடைய மகனுக்கு ஒன்றரை வருடமாக நான் பிசியோதெரபி செய்கிறேன்.

"தம்பி, ஸ்டெம் செல் ஊசி போட்டா எழும்பி நடப்பானாம். மாட்ட வித்துக் காசு கட்டட்டா?"

எருமை வளர்த்துத் தயிர் விற்கிற மனுசன். தயிரிலிருந்தே தொடங்கினேன்: பாலில் உறை போட்டால் தயிராவதுபோல, ஸ்டெம் செல்லும் வேறொன்றாக மாறும்.

நரம்பு ஸ்டெம் செல் என்பது இன்னும் ஆளாகாத கலம் (செல்). நரம்புக்கலமாகவும் மாறலாம், அதற்குத் துணைநிற்கும் கிளியாக் கலமாகவும் மாறலாம். இரசாயனச் சைகைகளோடு, ஒட்டியிருக்கும் இடத்தின் பதமும் அதைத் தீர்மானிக்கிறது. கலம் தன் அடித்தளத்தை இழுத்து இழுத்துப் பார்க்கும். அது எவ்வளவு இளகிக் கொடுக்கிறதோ அதற்கேற்ப நடக்கும். ஆய்வுகூடப் பிளாஸ்டிக் தட்டோ மூளையைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் இறுக்கமானது. அதனால்தான் ஹைட்ரோஜெல்லுக்குப் போனார்கள்: பெரும்பகுதி தண்ணீர், அதைப் பிடித்துவைக்க ஒரு நுண்வலை. கடற்பாசியில் எடுக்கும் அல்ஜினேற்றோடு கல்சியம் சேர்ந்தால் கட்டிவிடும்; கூட்டினால் இன்னும் இறுகும்.

2008இல் கலிபோர்னியாவில் எலியின் நரம்பு ஸ்டெம் செல்களைச் செயற்கையாகச் செய்த ஹைட்ரோஜெல்லில் வளர்த்தார்கள். 100 முதல் 500 பாஸ்கல் (இறுக்கத்தை அளக்கும் அலகு) வரையான இளகிய ஜெல்லில் நரம்புக்கலங்கள் மிகுந்தன. 1,000 முதல் 10,000 பாஸ்கல் வரை இறுகியதில் கிளியா மிகுந்தது.

"அப்ப உறை மட்டும் நல்லா இரிந்தா காணாது, முட்டியும் சரியா இரிக்கணும்" என்றார். மண்முட்டி தண்ணியை உறிஞ்சித்தானே தயிரைக் கட்டியாக்குகிறது! இவ்வளவு சுருக்கமாக எனக்கே சொல்ல வராது.

விளம்பரத்தில் அந்த முட்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எந்தக் கலம், யாரிடம் எடுத்தது, முள்ளந்தண்டுக்குள் போய் என்னவாகும், ஒன்றுமே இல்லை. விலை மட்டும் கொட்டை எழுத்தில். ரஷ்யாவில் நரம்பு ஸ்டெம் செல் ஏற்றப்பட்ட, அரிய பரம்பரை நோயுள்ள சிறுவன் ஒருவனுக்கு நாலு வருடம் கழித்து மூளையிலும் முள்ளந்தண்டிலும் கட்டிகள் தென்பட்டன. அவை தானம் கொடுத்தவர்களின் கலத்திலிருந்தே வளர்ந்தவை என்று 2009இல் மருத்துவ இதழொன்றில் வெளியானது.

ஜெல் ஆராய்ச்சி பொய்யில்லை, நானும் ஆசையோடு வாசிக்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் தட்டிலும் எலியிலும் நிற்கிறது. முறையான பரிசோதனையில் சேர்கிற நோயாளியிடம் பொதுவாக சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

மாட்டைப் பற்றி அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. மகனின் குதிக்காலில் சிவந்திருந்த இடத்தைக் காட்டி, அது புண்ணாகாமல் இரவிலும் காலைத் தலகாணியில் உயர்த்தி வைக்கும் விதத்தை அவருக்குப் பழக்கினேன்.