குறைந்த எடை ஏன் திரும்பி வருகிறது? அணுகுண்டு சொன்ன கணக்கு

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். நான்கு வருடங்களுக்கு முன் மதுரையில் எடைக்குறைப்புக்காக ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டவர். 112 கிலோவில் இருந்தவர் ஒன்றரை வருடத்தில் 74-க்கு இறங்கியிருக்கிறார். இப்போது 83. "இப்படி இளைச்சுட்டியேன்னு ஊரே பார்த்துச்சு, கண்ணு பட்டுருச்சு என்கிறார் மாமியார். வாயைக் கட்டத் தெரியவில்லை என்று துபாயிலிருந்து வீடியோ காலில் சொல்கிறார் வீட்டுக்காரர். வயிற்றையே வெட்டி எடுத்த பிறகும் எப்படி சார் ஏறும்?"

மாமியாரை விட்டுவிடலாம். கண்ணேற்றில் கலோரி கிடையாது. வீட்டுக்காரர் சொன்னதற்குத்தான் பதில் வேண்டும். ஏனென்றால் படித்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைக்காய் மாதிரி ஒரு குழாய். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் கூடவே போய்விடும். அதனால் முதல் வருடம் பசி பெரிதாகத் தெரியாது, எடை மளமளவென்று இறங்கும். அப்புறம் இறக்கம் நின்று மெதுவாக ஏற ஆரம்பிக்கும்.

சுவீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று இதை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. பைபாஸ் வகை ஆபரேஷன் (இரைப்பையைச் சின்னதாக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைச் சுற்றிப் போகவிடுவது) செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாவது வருடத்தில் அந்த இழப்பு 25 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. நம் வாசகியின் எடையைக் கணக்குப் போட்டேன்: முதலில் 34 சதவீதம் இறங்கி, இப்போது 26-இல் நிற்கிறார். ஸ்லீவ் வேறு, பைபாஸ் வேறு என்பது சரிதான். ஆனாலும் இறங்கி, கொஞ்சம் ஏறி, நிற்கும் அந்தப் போக்கு ஒன்றுதான். சுவீடன்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்ந்து கண்ணு பட்டிருக்காது.

ஏன் ஏறுகிறது? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த சமாச்சாரம் வருகிறது.

ராமநாதபுரம் பக்கம் பிறந்தவர்களுக்குக் குடத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் வராத நாளிலும் தெருக்குழாயடியில் காலிக் குடங்கள் வரிசையில் நிற்கும். கொழுப்புச் செல்களும் அப்படிப்பட்ட குடங்கள்தான். எடை குறையும்போது குடம் காலியாகிறதா, உடைகிறதா என்பதுதான் கேள்வி. உடைந்தால் நல்லது, நிரப்ப இடம் இருக்காது. ஆனால் ஒரு செல் எப்போது பிறந்தது, எப்போது செத்தது என்று மனித உடம்புக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது? பிறந்த தேதியை ஒட்டிக்கொண்டு எந்தச் செல்லும் வருவதில்லையே.

வருகிறது! அந்தத் தேதியை ஒட்டியது அணுகுண்டு.

1955 முதல் 1963 வரை அமெரிக்காவும் சோவியத் யூனியனும் போட்டி போட்டுக்கொண்டு திறந்த வெளியில் குண்டு வெடித்துப் பார்த்தன. அந்த வெடிப்புகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1963-இல் தடை ஒப்பந்தம் வந்த பிறகு அது ஆண்டுக்காண்டு குறைந்தது. சிதைந்து குறையவில்லை, பாதி சிதையவே 5,730 ஆண்டுகள் ஆகும். மரம் மட்டைகளும் கடலும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டன. ஆக ஒவ்வொரு வருடத்துக் காற்றுக்கும் ஓர் அளவு, ஒரு கையெழுத்து. 1965-இல் சாயல்குடிப் பனையில் இறக்கிய பதநீரில் அந்த வருடத்துக் காற்றின் கையெழுத்து இருந்திருக்கும். அதைக் காய்ச்சிய கருப்பட்டியிலும், கருப்பட்டி தின்ற பிள்ளையின் உடம்பிலும் அதே கையெழுத்துதான்.

உடம்பில் மற்ற பொருள்கள் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். டி.என்.ஏ. மட்டும் விதிவிலக்கு. செல் பிரியும்போது புது டி.என்.ஏ. உருவாகும், அப்போது உள்ளே போன கார்பன் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். எனவே ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தால், அது எந்த வருடத்துக் காற்றோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துப் பிறந்த வருடத்தைச் சொல்லிவிடலாம். உலகத்தை அழிக்கச் செய்த குண்டு மனுஷனின் தொப்பைக்கு ஜாதகம் எழுதிவிட்டது. நான் நம்பும் ஒரே ஜாதகம் இது.

ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தின் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு 2008-இல் வெளியிட்ட முடிவு இது: வளர்ந்த மனிதர்களிடம் ஒவ்வொரு வருடமும் சுமார் 10 சதவீதக் கொழுப்புச் செல்கள் செத்துப் புதிதாகப் பிறக்கின்றன. மொத்த எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. சிறுவயதிலும் வாலிபத்திலும் நிர்ணயமான எண்ணிக்கை அது. எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களையும் எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து, அவ்வளவு எடை இறங்கிய பிறகும், எண்ணிக்கை குறையவில்லை. செல்கள் சுருங்கியிருந்தன, அவ்வளவுதான்.

குடம் உடையவில்லை. வரிசையில் நிற்கிறது.

காலிக் குடம் சும்மா நின்றால் பரவாயில்லை, இது சத்தம் போடும். கொழுப்புச் செல் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது இது. செல் நிறைந்திருந்தால் லெப்டின் அதிகம், சுருங்கினால் குறைவு. லெப்டின் குறைந்ததும் மூளை பஞ்சம் வந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறது. நம் உடம்புக்குத் தாது வருஷப் பஞ்சம் தெரியும், ஸ்லீவ் ஆபரேஷன் தெரியாது. உடனே பசியைக் கூட்டுகிறது, உடம்பின் கலோரிச் செலவைக் குறைக்கிறது. போதாததற்கு 2024-இல் சூரிச்சிலிருந்து வந்த ஓர் ஆய்வில், ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடமாகியும் கொழுப்புச் செல்களின் மரபணுச் செயல்பாடு பழைய பருமன் காலத்தின் சாயலிலேயே இருந்தது. பருத்து இளைத்த எலிகளுக்கு மறுபடி கொழுப்புத் தீனி போட்டபோது, பருக்காத எலிகளைவிட வேகமாக ஏறின. செல்லுக்கு ஞாபகம் இருக்கிறது. இதை வாயைக் கட்டாத குற்றம் என்று சொல்வது, மழை பெய்யாததற்குக் கண்மாயைத் திட்டுவது மாதிரி.

நடுவில் ஒரு புலம்பல். அணுகுண்டுத் தூசியை வைத்துச் செல்லுக்கு வயது பார்க்கிறேன் என்று இங்கே ஒருவர் நிதி கேட்டால் என்ன சொல்வோம்? "இதனால் மக்களுக்கு என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்புவோம். மண்டபத்தில் கடல்பாசியை ஆராய்கிறவர்களைக்கூட வருமானம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறோம். பயன் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்!

சரி, வாசகி என்ன செய்ய வேண்டும்? முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரையே போய்ப் பாருங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் இருப்பவர்கள்தான் அதிகம். இரைப்பைக் குழாய் விரிந்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியில் தெரியும். தைராய்டையும், வேறு எதற்காவது மாத்திரை சாப்பிட்டால் அதையும் பார்ப்பார்கள். பசியைக் குறைக்கும் ஊசிகள் இப்போது இருக்கின்றன, தேவையா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. சின்ன இரைப்பைக்கு அளவு பார்க்கத் தெரியும், கலோரி பார்க்கத் தெரியாது. ஒரு துண்டு பாறை மீன் அங்கே உட்கார்ந்து வயிற்றை நிறைக்கும். தொதல், வட்டலாப்பம் மாதிரி இனிப்புகளும் சர்பத்தும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், இடமே அடைக்காது. நோன்பு மாதத்தில் எடை ஏறுகிறது என்று எழுதியிருந்தீர்களே, காரணம் பெரும்பாலும் இதுதான். நோன்பு திறந்ததிலிருந்து கஞ்சி, வடை, சர்பத் என்று இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மீன், முட்டை, பருப்பை முதலில் சாப்பிடுங்கள், சோறு கடைசியில். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாகக் குடியுங்கள். "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். கொள்ளு நல்ல புரதம், தாராளமாகச் சாப்பிடலாம். கொழுப்பை உருக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். நடைப்பயிற்சியோடு கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும், எடை இறங்கும்போது தசையும் கரைந்திருக்கும். மதுரை போகும்போது பி12, இரும்புச் சத்துப் பரிசோதனையையும் சேர்த்தே முடித்துவிடுங்கள், அந்த மாத்திரைகள் ஆயுசுக்கும் தேவை.

கடைசியாகத் தொதல் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெருநாளைக்கு ஒரு துண்டு, அதுவும் மீன் சாப்பிட்ட பிறகு. டப்பாவை மேசை மேல் வைக்காதீர்கள்.